எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு: கஞ்சி மட்டும் போதாது

கேள்வி: எனக்கு 36 வயது. தக்கலை அருகே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 114 கிலோ எடை இருந்தபோது, மூன்றரை மாதங்களுக்கு முன் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ‘ஸ்லீவ்’ அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இப்போது 93 கிலோ. கணவரைத் தவிர வீட்டில் யாருக்கும் விஷயம் தெரியாது. குடல்புண்ணுக்கு வைத்தியம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அதனால் மாமியார் மூன்று வேளையும் கஞ்சிதான் தருகிறார். தலை குளித்தால் முடி கொத்துக் கொத்தாக வருகிறது. மாடிப்படி ஏறினால் களைப்பு. இரண்டு வாரமாக எடை அசையவில்லை. மருத்துவமனையில் தந்த சத்து மாத்திரைகள் தீர்ந்து ஒரு மாதமாகிறது. தொடர வேண்டுமா? மரச்சீனிக்கிழங்கும் மீனும் எப்போது சாப்பிடலாம்? அடுத்த மாதம் நாத்தனார் மகளுக்குத் திருமணம். பந்தியில் உட்கார்ந்து என்ன செய்வதென்றே தெரியவில்லை.

பதில்: முடி, களைப்பு, அசையாத எடை என்று தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவற்றுக்கு வேர் அந்தக் கஞ்சிக் கிண்ணத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாமியார்மேல் குற்றமில்லை. வயிற்றுக்கு முடியாதவர்களுக்குக் கஞ்சி வைப்பது நம் வீடுகளின் வழக்கம். அவரிடம் சொல்லப்பட்ட நோய்க்கு அவர் சரியாகத்தான் செய்கிறார்.

ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதம் வரை நீளவாக்கில் வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது ஒரு குறுகிய குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரப்பது வெட்டி எடுத்த பகுதியில். ஆகவே இடமும் குறைந்துவிட்டது, பசியும் குறைந்துவிட்டது. ஆனால் உடலின் தேவை குறையவில்லை. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் உங்களுக்கு வேண்டும். ஒரு கிண்ணம் சம்பா அரிசிக் கஞ்சியில் மூன்று கிராம் இருந்தால் அதிகம். மூன்று வேளைக்கும் சேர்த்து ஒன்பது, பத்து. மீதியை உடல் எங்கிருந்து எடுக்கும்? உங்கள் தசையிலிருந்துதான் எடுக்கும். குறைந்த 21 கிலோவில் கொழுப்போடு தசையும் கொஞ்சம் போயிருக்கும். படியேறும்போது வரும் களைப்புக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

திரவம், கூழ், மென்மையான உணவு, பிறகு வழக்கமான உணவு என்ற படிகளை இந்த அறுவை செய்தவர்கள் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்தில் கடந்துவிடுவார்கள். நீங்கள் கூழ்ப் படியிலேயே நின்றுவிட்டீர்கள். கஞ்சி எளிதாக இறங்குகிறது என்பதால் அது பாதுகாப்பானது என்று தோன்றும். உண்மையில் எளிதாக இறங்குவதுதான் அதன் குறை. குழாயில் தங்காமல் வழிந்து போய்விடுவதால் வயிறு நிறைந்த உணர்வு தராது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏதாவது குடிக்கத் தோன்றும். எடை தேங்கி நிற்பதில் இதற்கும் பங்கு இருக்கலாம். மற்றபடி இரண்டு மூன்று வாரம் முள் நகராமல் நிற்பது இந்தக் காலத்தில் எல்லோருக்கும் நடப்பது. வாரம் ஒரு நாள் மட்டும் எடை பாருங்கள், மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து வையுங்கள்.

மீன் சாப்பிடலாம். இன்றைக்கே சாப்பிடலாம். உணவைப் பொறுத்தவரை குமரி மாவட்டத்தில் பிறந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். நெத்திலி, சாளை, அயிலை எதை எடுத்தாலும் நூறு கிராமில் ஏறத்தாழ இருபது கிராம் புரதம் கிடைக்கும். குளச்சலிலோ முட்டத்திலோ கரைக்கு வந்த மீன் அன்றைக்கே உங்கள் தெருவுக்கு வந்துவிடுகிறது. பொரிக்க மட்டும் வேண்டாம். பொரித்த மீனும் உலர்ந்த கோழியும் இரைப்பைக் குழாயின் வாயில் சிக்கிக்கொள்ளும். நெஞ்சில் கல் வைத்தாற்போல் அடைத்து, நுரை நுரையாக உமிழ்நீர் ஊறி, கடைசியில் வெளியே வந்துவிடும். மாங்காய் போட்டு வைத்த நெத்திலி அவியல், குழம்பில் ஊறிய சாளை ஆகியவை வழுக்கிக்கொண்டு இறங்கும். முள் எடுத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பிய்த்து, கூழாகும் வரை மென்று விழுங்குங்கள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையில் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பள்ளி மணி அடிக்குமுன் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் ஆசிரியர்களுக்கு உண்டு. அதை விட்டுவிட வேண்டும். இருபது நிமிடம், சின்னத் தட்டு, முதல் நிறைவு வந்ததும் நிறுத்துவது. அதற்குமேல் ஒரு வாய் போனாலும் வாந்திதான்.

காலையில் இரண்டு முட்டை என்றால் பன்னிரண்டு கிராம். இரண்டும் ஒரே நேரத்தில் முடியாவிட்டால் ஒன்றை இடைவேளைக்கு வைத்துக்கொள்ளலாம். பாலில் ஒரு கரண்டி புரதப் பொடி, மதியம் அறுபது கிராம் மீன், மாலையில் கொஞ்சம் அவித்த கடலை, இரவு பனீரோ மீனோ கோழிக் குழம்போ. அறுபதைத் தொட்டுவிடலாம். கஞ்சியை அடியோடு விட மனமில்லையென்றால் நம் ஊர்க் கஞ்சியும் பயறும் இருக்கிறதே, அதன் அளவைத் திருப்பிப் போடுங்கள்: பயறு முக்கால், கஞ்சி கால்.

மரச்சீனிக்கிழங்கு வேறு கதை. நூறு கிராமில் புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை, முழுக்க மாவுச்சத்து. தடை என்று சொல்லமாட்டேன். மீனைத் தின்று முடித்தபின் இடமிருந்தால் இரண்டு துண்டு. கிழங்கில் தொடங்கினால் மீனுக்கு இடம் இருக்காது. உடம்பு தேற வேண்டும் என்று நம் பக்கம் அவித்துக் கொடுக்கும் ஏத்தம்பழத்துக்கும் (நேந்திரம்பழம்) இதே கணக்குதான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் சின்னது, ஒன்று சாப்பிடலாம். கருப்பட்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் கருப்பட்டிக் காப்பி உடலுக்கு நல்லது என்று சொல்லி நாளுக்கு நான்கு டம்ளர் குடிப்பவர்களை இந்த மாவட்டத்தில்தான் பார்க்கிறேன். கருப்பட்டியும் சர்க்கரைதான், அக்கானி என்கிற பதநீரும் சர்க்கரைத் தண்ணீர்தான். இரைப்பை சுருங்கியவர்களுக்கு இப்படிப்பட்ட இனிப்புத் திரவம் வேகமாகக் குடலில் இறங்கும்போது படபடப்பு, வியர்வை, மயக்கம், வயிற்றோட்டம் வரலாம். இரைப்பையில் பைபாஸ் அறுவை செய்தவர்களுக்கு இது அதிகம், ஸ்லீவ் செய்தவர்களுக்குக் குறைவு. வரவே வராது என்பதில்லை.

தண்ணீர் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். மடமடவென்று குடிக்க முடியாது, மடக்கு மடக்காகத்தான். சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள்.

முடி விஷயத்தில் கொஞ்சம் நல்ல செய்தி. பெரிய அறுவைக்கும் வேகமான எடைக்குறைவுக்கும் பிறகு மூன்றாவது மாதவாக்கில் முடி கொட்டத் தொடங்கி, சில மாதங்கள் நீடித்து, பிறகு தானாக நிற்பது இயல்பு. வேர் சாவதில்லை, மறுபடி வளரும். ஆனால் புரதமும் இரும்பும் குறைந்தால் கொட்டுவது அதிகமாகும், நிற்கவும் தாமதமாகும். தலையில் எந்த எண்ணெய் தேய்த்தாலும் தட்டில் இல்லாத புரதத்தை அது ஈடுகட்டாது.

மாத்திரைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி அதுதான். சத்து மாத்திரைகள் ஆயுள் முழுவதும் உண்டு. நாளையே வாங்கித் தொடங்குங்கள். இரைப்பை அமிலமும், பி12 உயிர்ச்சத்தை உடல் ஏற்க உதவும் சுரப்பும் குறைந்துவிட்டதால், நன்றாகச் சாப்பிட்டாலும் சில சத்துகள் உள்ளே சேராது. பல்சத்து மாத்திரை, இரும்பு, கால்சியம், டி, பி12 ஆகியவற்றின் அளவை உங்கள் மருத்துவர் ரத்தப் பரிசோதனை பார்த்து முடிவு செய்வார். கால்சியத்தில் சிட்ரேட் வகை கேளுங்கள், அமிலம் குறைந்த வயிற்றிலும் அது கரையும். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதீர்கள், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரை போடும் நேரத்தை ஒட்டித் தேநீரோ காப்பியோ கூடாது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பு), பி12, டி, கால்சியம், அல்புமின் (ரத்தத்திலுள்ள புரதம்) பரிசோதனைகளை மூன்றாவது, ஆறாவது, பன்னிரண்டாவது மாதங்களிலும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் செய்துகொள்ளுங்கள். மூன்றாவது மாதப் பரிசோதனையை நீங்கள் தவறவிட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இதற்காகத் திருவனந்தபுரம் வரை பஸ் ஏற வேண்டியதில்லை. நாகர்கோவிலில் ரத்தம் கொடுத்துவிட்டு முடிவைத் தொலைபேசியில் அனுப்பலாம்.

முழங்கால் வலிக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், இப்யூபுரூபன் வகை மாத்திரைகளைத் தவிர்த்துவிடுங்கள், இரைப்பையில் புண் வைக்கும். தவிர்க்க முடியாதென்றால் பாராசிட்டமால்.

இன்னொன்று, நம் ஊர் வழக்கத்தால் வரும் ஆபத்து. வாந்தி இரண்டு நாள் நீடித்தால் உடனே பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது நமக்குப் பழக்கம். எடைக்குறைப்பு அறுவை செய்தவர் பல நாள் வாந்தி எடுத்திருந்தால் பி1 என்ற தயாமின் உடலில் வற்றிப் போயிருக்கும். அந்த நிலையில் தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை நரம்புகள் பாதிக்கப்படலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது அதன் அடையாளங்கள். “எனக்கு இரைப்பை அறுவை நடந்திருக்கிறது, முதலில் தயாமின் ஊசி போடுங்கள்” என்று சொல்ல வேண்டும். நீங்கள் சொல்ல முடியாத நிலையில் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். குடல்புண் என்று நம்பிக்கொண்டிருக்கும் மாமியாரால் இதைச் சொல்ல முடியுமா?

அதனால்தான் வீட்டில் சொல்லிவிடுங்கள் என்கிறேன். ஊர் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. சமைப்பவருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக்கூடியவருக்கும் தெரிந்தால் போதும். உங்கள் கணவர் சொல்வது நல்லது, அவருடைய அம்மாதானே. “ஏன் மறைத்தாய்” என்ற வருத்தம் இரண்டு நாள் இருக்கும். அதன்பிறகு மீன்காரரிடம் நெத்திலி வந்ததா என்று அவரே கேட்கத் தொடங்குவார். பிள்ளையைப் பற்றிய பேச்சு வீட்டில் இருக்குமானால் அதையும் இப்போதே தெளிவுபடுத்திவிடுங்கள்: அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவதே நல்லது. எடை குறையும்போது நின்றிருந்த மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கரு தங்குவதும் உண்டு. அதனால் தடுப்பு முறையை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணப் பந்தி. நாஞ்சில் நாட்டுச் சைவச் சாப்பாடாக இருந்தால் இலையில் புரதம் மிகக் குறைவு. வீட்டிலேயே ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பயறோ சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். இலையில் பருப்பைச் சோறில்லாமல் வாங்குங்கள். அவியல் இரண்டு கரண்டி, துவரன் ஒரு கரண்டி, புளிசேரி நாவுக்கு. பாயசத்தில் ஒரு தேக்கரண்டி ருசி பார்த்தால் ஒன்றும் ஆகாது. போளியைப் பிசைந்து இரண்டாம் முறை கேட்பது இனி உங்களுக்கில்லை. பரிமாறுகிறவர் விடமாட்டார். சோற்றுக் கரண்டி வருமுன் இலையின் குறுக்கே கையை வையுங்கள், “வயிற்றில் ஆபரேஷன்” என்று ஒரே வார்த்தை சொல்லுங்கள். மேற்கொண்டு யாரும் வற்புறுத்த மாட்டார்கள். பிரியாணியாக இருந்தால் கோழியை மட்டும், குழம்பு ஊற்றி நனைத்து.

நடை எப்படியும் நடப்பீர்கள். அதோடு வாரம் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும், தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்கும் பயிற்சியும் சேர்த்துக்கொள்ளுங்கள். தின்னும் புரதம் தசையாக வேண்டுமென்றால் தசைக்கு வேலை இருக்க வேண்டும். தளர்ந்து தொங்கும் தோலைப் பற்றி ஒன்றரை ஆண்டு கழித்து யோசிக்கலாம். அதுவரை நம் புழுக்கத்துக்கும் மழைக்கும் மடிப்புகளில் படை வராமல் துடைத்து உலர்வாக வைத்தால் போதும்.

தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, கறுப்பாக மலம், வலது விலாவுக்குக் கீழ் விட்டுவிட்டு வரும் கடும் வலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, காய்ச்சலோடு வயிற்று வலி இவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் சேரும், அந்த விலா வலி அதனால் இருக்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே போங்கள். டிஸ்சார்ஜ் அட்டையின் நகல் ஒன்று உங்கள் கைப்பையிலும், ஒன்று கணவரின் பைக் பெட்டியிலும் இருக்கட்டும்.