அடுப்படிக் கேள்விகள்: பண்டிகைப் பரிசாக வீட்டுச் சாக்லேட்

கிறிஸ்துமஸும் புத்தாண்டும் நெருங்குவதால், இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை வீட்டிலேயே சாக்லேட் செய்து அக்கம்பக்கத்தாருக்கும் உறவினருக்கும் கொடுப்பது பற்றியே இருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி: ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் தெருவில் 25 வீடுகளுக்கு முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, கேக் என்று தட்டு வைத்து அனுப்புவோம். இந்த ஆண்டு செலவைக் குறைக்கக் கேக்கை விட்டுவிட்டுச் சாக்லேட் கொடுக்கலாம் என்று எண்ணுகிறேன். கடையில் ‘காம்பவுண்ட்’ என்று ஒன்றையும், அதைவிடப் பல மடங்கு விலையில் இன்னொன்றையும் காட்டுகிறார்கள். எதை, எவ்வளவு வாங்க வேண்டும்?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: தயங்காமல் காம்பவுண்ட் சாக்லேட்டையே வாங்குங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கொழுப்பில்தான் இருக்கிறது. விலை உயர்ந்த ‘கூவெர்ச்சர்’ வகையில் கோகோ விதையிலிருந்து எடுக்கப்படும் கோகோ வெண்ணெய் இருக்கும். காம்பவுண்டில் அதற்குப் பதிலாக எண்ணெய்ப்பனைக் கொட்டை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பும் கோகோ பவுடரும் சேர்க்கப்பட்டிருக்கும். ஐவரி கோஸ்ட், கானா நாடுகளில் விளைச்சல் குறைந்ததால் 2024-ஆம் ஆண்டு உலகச் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 10,000 டாலரையும் தாண்டிச் சென்றதை அடுத்து, இரண்டு வகைக்கும் இடையேயான விலை இடைவெளி கண்ணை உறுத்துமளவுக்குப் போனது. சுவையில் காம்பவுண்ட் ஒரு படி கீழேதான்; வாயில் சற்றே மெழுகுத்தன்மை தங்கும். ஆயினும் அதை உருக்கி அச்சில் ஊற்றினால் போதும், தானாக இறுகி நிற்கும். வெப்பநிலையைப் பார்த்துப் பக்குவப்படுத்தும் வேலை அதற்குத் தேவையில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ‘ஹோம்மேட்’ என்ற பெயரில் தட்டுத் தட்டாக அடுக்கி எடை போட்டு விற்கப்படுபவற்றுள் பலவும் காம்பவுண்டால் செய்யப்படுபவையே.

இனி அளவுக்கு வருவோம். வீட்டுக்கு 6 துண்டுகள் என்றால் 150 துண்டுகள் வேண்டும். ஒரு துண்டு 10 கிராம் என்று வைத்தால் மொத்தம் ஒன்றரைக் கிலோ. 400 கிராம் கட்டிகள் மூன்றும், உள்ளே சேர்க்க 350 கிராம் பருப்பு வகைகளும் வாங்கினால், பாத்திரத்தில் ஒட்டி வீணாவது போகக் கணக்குச் சரியாக வரும். மூன்று கட்டிகளில் இரண்டு டார்க், ஒன்று மில்க் என்று வாங்கிக் கலந்தால், திகட்டும் இனிப்பு குறைந்து கசப்பும் அளவோடு நிற்கும்.

பலருக்கும் பணம் கரைவது சாக்லேட்டில் அன்று, பாதாமிலும் முந்திரியிலும்தான். வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்த நிலக்கடலை, முந்திரியின் விலையில் கால் பங்குகூட ஆகாது. சாக்லேட்டுடன் சேரும்போது அதன் வறுத்த மணம் முந்திரியைவிடத் தூக்கலாகவே இருக்கும் என்பது என் கருத்து. வெறும் வாணலியில் மொறுமொறுப்பாக வறுத்த அரிசிப் பொரி இன்னும் மலிவு; எடை குறைவாக இருந்தாலும் துண்டைப் பெரிதாகக் காட்டும். உங்கள் ஊரிலிருந்து கோவில்பட்டி தொலைவில்லை. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர்க் கடலைமிட்டாயை ஒன்றிரண்டாக உடைத்து, சாக்லேட்டில் முழுவதும் தோய்த்து எடுத்துப் பாருங்கள், தெருவில் பேசப்படும். எங்கும் விடுபடாமல் தோய்ப்பது முக்கியம். வெல்லப்பாகு வெளியே தெரிந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும்.

அச்சு வாங்கவே வேண்டும் என்பதில்லை. பருப்பைக் கலந்த சாக்லேட்டைத் தேக்கரண்டியால் பட்டர் பேப்பர்மேல் சிறு குவியல்களாக வைத்து, குளிர்பெட்டியில் 15 நிமிடம் இறுகவிட்டு எடுத்தால் போதும். அச்சு இருந்தால் பாதி ஊற்றி, பருப்பை வைத்து, மீதியை ஊற்றியபின் மேசைமேல் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்கள் மேலே வந்து உடைவது கண்ணுக்கே தெரியும். தட்டாமல் விட்டால் சாக்லேட்டின் முகத்தில் அம்மைத் தழும்பாகக் குழிகள் விழும்.

கேள்வி: சாக்லேட்டை உருக்கும்போது திடீரென்று உப்புமாவாக உதிர்ந்து கட்டிதட்டிப் போனது. இளகட்டும் என்று ஒரு கரண்டி பால் ஊற்றினேன், இன்னும் மோசமாகிவிட்டது. அடுப்பைக் குறைவாகத்தான் வைத்திருந்தேன். காரணம் என்ன?
(வாசகர், வேளச்சேரி, சென்னை)

பதில்: காரணம் நீர். சாக்லேட் என்பது மிக நுண்ணிய சர்க்கரைத் துகள்களும் கோகோத் துகள்களும் கொழுப்பில் மிதக்கும் கலவை. அதில் நீர் அநேகமாக இல்லை. அப்படிப்பட்ட கலவையில் சில துளி நீர் விழுந்தால், சர்க்கரைத் துகள்கள் அதை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, முழுப் பாத்திரமும் நொடியில் இறுகிவிடும். ஈரக் கரண்டி, சரியாகத் துடைக்காத பாத்திரம், கீழே கொதிக்கும் நீரின் ஆவி ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் குற்றவாளி.

கீழ்ப் பாத்திரத்தில் இரண்டு விரற்கடை நீரே போதும். நீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. சூடேறியதும் அடுப்பை அணைத்துவிட்டு மேல் பாத்திரத்தை வைத்தால்கூட, சிறு துண்டுகளாகச் சீவிய சாக்லேட் உருகிவிடும். மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தைவிட அகலமாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஆவி பக்கவாட்டில் ஏறி உள்ளே இறங்காது. அதன் அடிப்பாகம் நீரைத் தொடவும் கூடாது. உருகியபின் பாத்திரத்தைத் தூக்கியதும், முதல் வேலையாக அதன் அடியைத் துணியால் துடையுங்கள். அச்சில் சாய்த்து ஊற்றும்போது அடியிலிருந்து வழியும் ஒரு சொட்டு நீர் கெடுத்த சாக்லேட் ஏராளம். மைக்ரோவேவ் அவன் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை; பாதி வேகத்தில் 30 விநாடிக்கு ஒருமுறை எடுத்துக் கிளறிக் கிளறி உருக்கலாம்.

நீங்கள் ஊற்றிய ஒரு கரண்டி பால் நிலைமையை மோசமாக்கியதற்குக் காரணம், அது போதாமல் போனதே. சூடான பாலையோ ஃப்ரெஷ் கிரீமையோ கரண்டி கரண்டியாக மேலும் சேர்த்துக் கிளறிக்கொண்டே இருந்தால், சர்க்கரை முழுவதும் கரைந்து கலவை பளபளவென்று இளகிவிடும். அதை மறுபடி அச்சில் ஊற்றி மிட்டாயாக்க முடியாது. ஆனால் குளிரவைத்து உருண்டை பிடித்து, கோகோ பவுடரில் புரட்டினால் ‘ட்ரஃபிள்’ ஆகிவிடும். பாலோ கிரீமோ சேர்ந்திருப்பதால் அதைக் குளிர்பெட்டியில் வைத்து, சில நாட்களுக்குள் உண்டுவிட வேண்டும். ஊருக்குக் கொடுக்கும் பரிசாக வேண்டாம், வீட்டோடு இருக்கட்டும்.

கேள்வி: மகளின் வற்புறுத்தலால் உயர்ரகச் சாக்லேட் வாங்கி அச்சில் ஊற்றினேன். மூன்றாம் நாள் மேலெல்லாம் வெண்திட்டுகள். பூஞ்சையா? எறிந்துவிட வேண்டுமா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: எறியாதீர்கள், பூஞ்சையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. விரல் நுனியால் தேய்த்துப் பாருங்கள். தேய்த்ததும் திட்டு மறைந்து விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டினால், அது மேலே வந்து உறைந்த கோகோ வெண்ணெய். சொரசொரப்பாக, மறையாமல் நின்றால், குளிர்பெட்டி ஈரத்தில் கரைந்து மீண்டும் படிந்த சர்க்கரை. இரண்டும் அழகைக் கெடுக்குமே தவிர, உடலுக்குத் தீங்கில்லை.

கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அவற்றுள் ஒருவகை மட்டுமே பளபளப்பையும், உடைக்கும்போது ‘டக்’ என்ற ஓசையையும், ஏறத்தாழ 34 டிகிரியில் வாயில் உருகும் தன்மையையும் தரும். அந்த வகையை மட்டும் உருவாக்கும் வேலைக்குத்தான் டெம்பரிங் என்று பெயர். வீட்டில் செய்ய எளிய வழி இது: டார்க் சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை 45 டிகிரிவரை சூடாக்கி உருக்கி இறக்கிவிட்டு, மீதி ஒரு பங்கைப் பொடியாகச் சீவிச் சிறிது சிறிதாகச் சேர்த்து, வெப்பம் 32 டிகிரிக்கு இறங்கும்வரை விடாமல் கிளற வேண்டும், மில்க் சாக்லேட் என்றால் 30 டிகிரி. டிஜிட்டல் வெப்பமானி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். கத்தி முனையில் சிறிது தடவி வைத்தால், குளிர்ந்த அறையில் ஐந்து நிமிடத்துக்குள் பளபளப்போடு இறுக வேண்டும்; இறுகாமல் மங்கலாகக் கிடந்தால் இன்னும் கிளற வேண்டும் என்று பொருள். மார்கழிக் காலை உங்கள் ஊரில் இதற்குத் தோதான நேரம். திட்டு விழுந்தவற்றை மறுபடி உருக்கி இவ்வாறே செய்யலாம்; சொரசொரப்பானவை என்றால் மில்க்‌ஷேக்கில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோகோ இருக்கிறது. புளிக்கவைத்துக் காயவைத்த விதைகளை வீட்டு கிரைண்டரில் அரைத்து, சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி சேர்த்துச் சாக்லேட் செய்ய முடியுமா?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: உங்கள் ஆசைக்கு ஓர் அடிப்படை உண்டு. விதையிலிருந்து நேரடியாகச் சாக்லேட் செய்யும் சிறு தயாரிப்பாளர்கள் பலர், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்கூட, பயன்படுத்துவது கோயம்புத்தூர் மேசை கிரைண்டரைச் சற்றே மாற்றியமைத்த கல் இயந்திரத்தைத்தான். ஆனால் அது ஒரு நாளுக்கும் மேலாக இடைவிடாமல் ஓடுமாறு வடிவமைக்கப்பட்டது. துகள் ஏறத்தாழ 25 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே வந்தால்தான் நாக்கில் மணல் தட்டாது. மாவரைக்கும் கிரைண்டரின் மோட்டார் அவ்வளவு நேரம் தாங்காது, கல்லில் தங்கியிருக்கும் ஈரமும் சாக்லேட்டுக்கு ஆகாது. கருப்பட்டியிலும் ஈரம் உண்டு என்பதால், மேலே சென்னை வாசகருக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும்.

அதற்குப் பதிலாக, விதைகளை இரும்பு வாணலியில் சிறு தீயில், தோல் வெடித்துக் கழலும்வரை வறுத்து, ஆறியதும் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி முறத்தில் புடையுங்கள். தோல் பறந்து, கறுத்த பருப்புத் துண்டுகள் முறத்தில் நிற்கும். காம்பவுண்ட் சாக்லேட் அச்சில் இறுகுமுன் அவற்றை மேலே தூவினால், அந்தக் கசப்பு மலிவுச் சாக்லேட்டின் இனிப்பைத் தூக்கி நிறுத்தும். தோட்டத்து விளைச்சலைப் பரிசாகக் கொடுத்ததாகவும் இருக்கும்.

கேள்வி: விடுதியில் இருக்கும் மகனுக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும். போய்ச் சேருவதற்குள் உருகிவிடாதா?
(வாசகி, மதுரை)

பதில்: உருகும் சாக்லேட்டை அனுப்பாமல் உருகாததை அனுப்புங்கள். நம் வீடுகளில் நெடுங்காலமாகச் செய்யப்படும் பால் பவுடர் சாக்லேட் இதற்கென்றே அமைந்தது. 250 கிராம் பால் பவுடரையும் 3 மேசைக்கரண்டி கோகோ பவுடரையும் இரண்டு முறை சலித்துக்கொள்ளுங்கள். 200 கிராம் சர்க்கரையில் அரை டம்ளர் நீர் ஊற்றி ஒரு கம்பிப் பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, 75 கிராம் வெண்ணெய் சேர்த்துக் கரைந்தபின், சலித்த மாவைக் கொட்டிக் கட்டியில்லாமல் வேகமாகக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்புங்கள். கை பொறுக்கும் சூட்டிலேயே துண்டு போட்டுவிட வேண்டும். பாகு பதம் மீறினால் தூளாகும். பதம் வருமுன் இறக்கினால் அல்வாவாக நிற்கும். நன்றாக ஆறியபின், துண்டு துண்டாகப் பட்டர் பேப்பரில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் இறுக்கமாக அடுக்கி அனுப்புங்கள்.

கேள்வி: பரிசுப் பெட்டிகளின் விலை மலைக்க வைக்கிறது. பழைய திருமண அழைப்பிதழ் அட்டைகளில் பெட்டி செய்யலாமா?
(வாசகி, திருச்சி)

பதில்: செய்யலாம், ஆனால் அச்சு மையும் ஜிகினாவும் உணவில் படக் கூடாது. சாக்லேட்டை ஃபாயிலிலோ பட்டர் பேப்பரிலோ தனித்தனியாகச் சுற்றியபின் பெட்டியில் வையுங்கள். செய்தித்தாளைச் சாக்லேட்டுக்கு அடியில் விரிப்பதும் வேண்டாம். பெட்டியே இல்லாத வழியும் ஒன்று உண்டு. தீபாவளிப் பலகாரம் வந்த அண்டை வீட்டு டப்பாக்கள் உங்கள் அலமாரியில் இருக்கும். அவற்றைக் காலியாகத் திருப்பித் தரும் வழக்கம் நமக்கில்லையே. கழுவி, வெயிலில் ஈரம் போக உலர்த்தி, சாக்லேட்டை அவற்றிலேயே நிரப்பிக் கொடுங்கள். நிலக்கடலை, முந்திரி போன்றவை சேர்ந்திருந்தால் சிறு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தைகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.

கேள்வி: நான் கொடுத்த சாக்லேட்டைச் சாப்பிட்ட தோழிகள் பணம் தருவதாகச் சொல்லிக் கேட்கிறார்கள். விற்கலாமா?
(வாசகி, புதுச்சேரி)

பதில்: பரிசாகக் கொடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். விற்பதென்றால், வீட்டில் செய்வதானாலும், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தில் முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதை இணையம் வழியாகவே செய்யலாம். காம்பவுண்டில் செய்ததை ‘காம்பவுண்ட்’ என்றே சொல்லி விற்றுவிடுங்கள்.