வாரம் தவறாமல் செல்ஃப் அடித்தும் பேட்டரி ஏன் படுத்துக்கொள்கிறது?

கேள்வி: ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி உள்ள என் பெட்ரோல் கார் மதுரை திருநகர் வீட்டில், தகர ஷெட்டில் நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு மாதம்தான் ஊரில் இருப்பேன். அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஞாயிறுதோறும் செல்ஃப் அடித்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவார். அப்படியும் இரண்டு வருஷத்தில் இரண்டு பேட்டரி போய்விட்டது. பேட்டரி கடையில், "வண்டியை ஓட்டாமல் போட்டால் இப்படித்தான்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கடைக்காரர் சொன்னது பாதி சரி. வண்டி நிற்பதால் மட்டும் பேட்டரி சாவதில்லை. சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடப்பதுதான் அதைக் கொல்கிறது. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை வேலை அதைத் தடுக்கவில்லை, கொஞ்சம் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாவியை உருவிய பிறகும் கடிகாரம், ரிமோட் லாக், எஞ்சின் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் பேட்டரியிலிருந்து சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். 20 மில்லிஆம்பியர் என்று வைத்தால்கூட, உங்கள் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவான 35 ஆம்பியர் ஹவரில் ஒரு வாரத்தில் 3.4 போகும். வெளியில் மாட்டிய ஜிபிஎஸ், அலாரம், டேஷ்கேம் இருந்தால் இன்னும் கூடும். ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் மின் ஜெனரேட்டர்) பேட்டரிக்கு 10 ஆம்பியர் கொடுப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். திரும்பி வருவது 0.8 ஆம்பியர் ஹவர். செல்ஃப் அடிக்கச் செலவானதை அதிலும் கழிக்க வேண்டும். ஆக வாரத்துக்கு இரண்டரைக்கு மேல் நஷ்டம். எட்டே வாரத்தில் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி.

அப்படி இறங்கும்போது ஈயத் தகடுகளில் லெட் சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். போட்டுவைத்தால் படிகமாக இறுகிவிடும், பிறகு எந்த சார்ஜரும் அதை முழுசாகக் கரைக்காது. போதாததற்கு நம்ம ஊர் வெயில் வேறு. வெப்பம் 10 டிகிரி கூடினால், எதிலும் இணைக்காத பேட்டரிகூடத் தானாக இறங்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எஞ்சினுக்கும் இது நல்லதல்ல. சூடேறுவதற்குள் நிறுத்துவதால் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கிவிடும். ஓட்டத் தெரிந்த உறவினர் யாராவது இருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோழவந்தான் வரை போய்த் திரும்பச் சொல்லுங்கள். பேட்டரி, எஞ்சின், டயர் மூன்றுக்கும் நல்லது. சாம்பார் வாங்க முக்குக் கடை வரை போய்வருவது கணக்கில் வராது.

ஆள் இல்லையென்றால், நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போவதுதான் உங்களுக்கு ஏற்ற வழி. காசு செலவில்லை. பெரும்பாலான கார்களில் 10 நம்பர் ஸ்பேனர் போதும். மைனஸை மட்டும்தான் தொட வேண்டும். பிளஸ்ஸில் ஸ்பேனர் வைத்து, அதன் மறுமுனை பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பேட்டரியையே வெளியே எடுப்பதானால் மைனஸ் முதலில், பிளஸ் அப்புறம். மாட்டும்போது பிளஸ் முதலில். கழற்றிய கேபிள் தானாகத் திரும்பிப் போய் டெர்மினலைத் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கிக் கட்டுங்கள். டிக்கி எலக்ட்ரிக் லாக் என்றால் சாவியை உள்ளே வைத்து மூடிவிடாதீர்கள். கதவைச் சாவி போட்டுத் திறக்க முடிகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ரிமோட் வேலை செய்யாது. மறுபடி மாட்டும்போது கடிகாரம், சில கார்களில் ஆட்டோ விண்டோ, ரேடியோ கோடு ஆகியவற்றைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

கழற்றுவதற்கு முன் முழு சார்ஜ் ஏற்றியிருக்க வேண்டும், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. அதன் பிறகும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடையிலிருந்து ஆளை வரவழைத்து, 3 அல்லது 4 ஆம்பியரில் மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். பேட்டரியை வீட்டுக்குள் காற்றோட்டமான, வெயில் படாத இடத்தில் வைத்தால் இன்னும் நல்லது. சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பார்கள். இப்போதைய பிளாஸ்டிக் பெட்டி பேட்டரிக்கு அந்தப் பயம் வேண்டாம். ஆனால் பூஜை அறைப் பக்கம் வேண்டாம்: சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், விளக்குத் தீ ஆகாது.

செலவு செய்யத் தயார் என்றால், நிரம்பியதும் தானே குறைத்துக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜர் வாங்கி நிரந்தரமாகப் பொருத்தலாம். கரண்ட் போய் வந்ததும் தானாகத் தொடங்குகிற மாடலா என்று கேட்டு வாங்குங்கள். மாதாந்திர மின்தடை உள்ள ஊரில் அது முக்கியம். வீட்டு இன்வெர்ட்டரோடு இணைத்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. கூடவே கூடாது. 150 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கென்று அது தள்ளும் கரண்ட் உங்கள் 35-க்கு ரொம்ப அதிகம்.

மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் அளவையும் பாருங்கள். போர் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் எதுவும் வேண்டாம். இப்போது காரில் இருப்பது முழு சார்ஜ் ஏற்றி ஓய்ந்த பிறகும் 10.5 வோல்ட் பக்கமே நின்றால் உள்ளே ஒரு செல் (பேட்டரியின் ஓர் அறை) போய்விட்டது என்று அர்த்தம், மாற்றத்தான் வேண்டும். வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைப் பார்த்து வாங்குங்கள். கடை அலமாரியில் ஆறு மாதம் கிடந்த பேட்டரிக்கும் இதே கதைதான்.