ஓடிடியில் ஓடும் பழைய சீரியல்: வசனம் எழுதியவருக்குப் பங்கு உண்டா?

கேள்வி: சென்னையில் சீரியல்களுக்கு வசனம் எழுதுகிறேன். 2016-ல் ஒரு தயாரிப்பாளருக்கு எபிசோடுக்கு இவ்வளவு என்று பேசி எழுதிக் கொடுத்தேன். ‘எல்லா உரிமைகளும், எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக’ என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டேன். இப்போது அந்த சீரியல் ஓடிடியில் ஓடுகிறது. வேறு மொழியில் டப்பிங்கும் ஆகிவிட்டது. கேட்டால், “அன்னைக்கே செட்டில் பண்ணியாச்சே சார்” என்கிறார்கள். எனக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. கைக்கு வருமா என்பது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. 2012 ஜூன் 21 முதல் அமலான திருத்தம்தான் உங்களுக்கான ஆயுதம். மாநிலங்களவையில் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதற்காக வாதாடியது பலருக்கு நினைவிருக்கும். அதன்படி, படத்தில் இடம்பெறும் எழுத்தை எழுதியவர், தியேட்டரில் படத்தோடு காட்டுவது தவிர்த்த மற்ற எல்லாப் பயன்பாட்டுக்கும் ராயல்டியில் சம பங்கு பெறலாம். பிரிவு 18-ம் 19(9)-ம் இதைச் சொல்கின்றன. இந்தப் பங்கை வாரிசுக்கோ, படைப்பாளிகளுக்காக ராயல்டி வசூலிக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. சீரியல் எப்படிப் படமாகும் என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். சட்டத்தில் ‘திரைப்படம்’ என்பதன் விளக்கம் காட்சிப் பதிவு எதையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிந்தது. ஆகவே உரிமையை விற்றது விற்றதுதான். ராயல்டிப் பங்கு மட்டும் உங்களை விட்டுப் போகவில்லை.

2012-க்கு முன் கையெழுத்தான சீரியல் இருந்தால் இந்த வாதம் பலவீனம். அங்கே ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பிடாவிட்டால் பிரிவு 19(5)-ன்படி உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்குத்தான்.

சரி, சிக்கல் எங்கே? எதில் பாதி என்பதில். தயாரிப்பாளர் ஓடிடிக்கு மொத்தமாக ஒரு தொகைக்கு விற்றிருப்பார்; அதில் உங்கள் எழுத்தின் ராயல்டி எவ்வளவு என்று சட்டத்தில் கணக்கு இல்லை. பாடலாசிரியர்களுக்கு வசூலித்துப் பிரித்துக் கொடுக்க ஐபிஆர்எஸ் என்ற காப்புரிமைச் சங்கம் இருக்கிறது. வசனகர்த்தாக்களுக்கு அவ்வளவு வேரூன்றிய ஏற்பாடு கிடையாது. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. அங்கே எழுத்து முழுக்க ஸ்டுடியோவுக்கே சொந்தம். ஆனால் 2023-ல் எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, நன்றாக ஓடும் ஓடிடி தொடர்களுக்குப் போனஸ் வாங்கியது. நம்மிடம் சட்டம் இருக்கிறது, அந்தச் சங்க பலம் இல்லை. எனக்குக் கேட்டால், அவர்கள் நிலைதான் மேல்.

முதலில் ஒப்பந்தம், எபிசோடு வாரியான வசனப் பிரதிகள், அனுப்பிய மின்னஞ்சல்கள், டைட்டிலில் உங்கள் பெயர் வரும் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அப்புறம் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, ஓடிடி, டப்பிங் வருமானத்துக்குக் கணக்குக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்கான ஷரத்து (நீதிமன்றத்துக்குப் பதில் தனி நடுவரிடம் போவது) இருந்தால் வழி மாறும். இல்லாவிட்டால் நீங்கள் வசிக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே வழக்குப் போட பிரிவு 62 இடம் தருகிறது. அவசரத் தடை கேட்காத வணிக வழக்கென்றால் முதலில் சமரசப் பேச்சுக்குப் போக வேண்டியிருக்கும். பணக் கோரிக்கைக்குப் பொதுவாக 3 ஆண்டுக் காலவரம்பு உண்டு, தள்ளிப் போடாதீர்கள்.

இடையில் சிறு தொகையை நீட்டி, ‘இனி பாக்கி ஏதுமில்லை’ என்று ஒரு தாள் கொண்டுவருவார்கள். என்னிடமோ வேறு வழக்கறிஞரிடமோ காட்டாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.