தீர்க்கதரிசனம் என்பது வருங்காலம் சொல்வது மட்டும்தானா?

விவிலியத்தின் தீர்க்கதரிசன நூல்கள் உலக முடிவைக் கணக்கிடுவதற்காக எழுதப்பட்டவையா, அன்றாட வாழ்க்கைக்கும் அவற்றில் ஏதேனும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தொண்டிக்கு அருகே ஒரு கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த நான், அவற்றுள் ஒன்றான ஆமோஸ் நூலை வைத்தே பதில் சொல்கிறேன்.

தெக்கோவா ஊரில் ஆடு மேய்த்தும் காட்டத்தி மரங்களைப் பராமரித்தும் பிழைத்த ஆமோஸ், கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் எரொபவாமின் ஆட்சியில் செழித்திருந்த வட இஸ்ரயேலுக்குப் போய்ப் பேசினார். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருக்கும் வியாபாரிகளை 8ஆம் அதிகாரத்தில் அவர் சாடுகிறார். தானியம் அளக்கும் மரக்கால் சிறியது, விலைக்கு வெள்ளி நிறுக்கும் கல் பெரியது. கொடுக்கும்போதும் ஏமாற்று, வாங்கும்போதும் ஏமாற்று.

இதை நான் புரிந்துகொண்டது மறையுரை கேட்டு அன்று. கல்லூரி விடுமுறையில், எங்கள் கரையில் நண்டு வாங்கும் ஒரு வியாபாரியிடம் எடை எழுதும் வேலைக்குப் போனேன். வலைக்கும் இன்ஜினுக்கும் அவரிடம் முன்பணம் வாங்கிய வள்ளக்காரர்கள் வேறு யாரிடமும் சரக்கை விற்க முடியாது. கூடையோடு நிறுத்து, கூடைக்கு ஒரு கிலோ, தண்ணீருக்கு ஒரு கிலோ என்று கழித்து எழுதச் சொல்வார். வெறுங்கூடையை ஒருநாள் நானே தராசில் வைத்துப் பார்த்தேன். அரைக் கிலோவைக்கூட எட்டவில்லை. ஆனாலும் விடுமுறை முடியும்வரை கழித்தே எழுதினேன். என் பெரியப்பாவின் நண்டுக்கும் அப்படித்தான் எழுதினேன். அவர் நோட்டைப் பார்க்காமலேயே, "எழுதியாச்சாய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வியாபாரிதான் எங்கள் கோயில் திருவிழாவின் விளக்குச் செலவை ஆண்டுதோறும் ஏற்றவர். உங்கள் திருவிழாக்களை வெறுக்கிறேன், உங்கள் பாடல்களின் இரைச்சல் எனக்கு வேண்டாம், நீதி வற்றாத ஆறாக ஓடட்டும் என்று 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வதாக வருவதை அந்தச் சூழலில்தான் படித்தேன். வைகைத் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேர்வதே செய்தியாகிவிடும் எங்கள் மாவட்டத்தில் 'வற்றாத ஆறு' என்ற சொல்லுக்குக் கனம் அதிகம். ஆமோஸின் நாட்டு ஓடைகளிலும் பல, மழைக்குப் பின் காய்ந்துவிடுபவை. (எங்கள் பகுதி இஸ்லாமியர் வாயில் அன்றாடம் புழங்கும் 'நபி' என்ற சொல்லும், தீர்க்கதரிசியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும் இனச்சொற்கள், குர்ஆனின் 83ஆம் அத்தியாயமும் அளவில் குறைப்போருக்குக் கேடு என்றுதான் தொடங்குகிறது.)

ஆமோஸ் வரப்போவதைச் சொல்லவில்லை என்று நான் வாதிட மாட்டேன். நாடு அழியும், மக்கள் சிறைப்பட்டுப் போவார்கள் என்று சொன்னார், கி.மு. 722 அளவில் வட இஸ்ரயேலின் தலைநகரான சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. ஆனால் அந்த அழிவுக்குக் காரணங்களாக அவர் எடுத்துக்காட்டியவற்றுள் கள்ளத்தராசும் ஒன்று. விசுவாசத்தையும் இதிலிருந்து பிரிக்க இயலாது: நீதிமான் விசுவாசத்தினால் பிழைப்பான் என்ற, மற்றொரு தீர்க்கதரிசியான ஆபகூக்கின் வாக்கில் உள்ள 'எமுனா' என்ற எபிரேயச் சொல், மனத்தில் நம்புவதோடு நில்லாமல், சொல்லிலும் செயலிலும் வழுவாமல் நிற்பதையும் குறிக்கும்.

பல ஆண்டுகள் கழித்துப் பெரியப்பாவிடம் அந்த எடைக் கணக்கைச் சொன்னேன். வலையில் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "வெறுங்கூடை எம்புட்டு இருக்கும்னு எனக்குத் தெரியாதாய்யா?" என்றார்.