ஒரே ஒரு தருணம்

அன்புள்ள சார்,

நானும் நண்பர்கள் சிலரும் 2010 முதல் 2019 வரையிலான பத்தாண்டில் கால்பந்தின் மறக்கமுடியாத தருணங்கள் எவை என்று பட்டியல் போட உட்கார்ந்தோம். பட்டியல் முடியவில்லை, சண்டைதான் வந்தது. 2012 மே 13 அன்று குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிராக மான்செஸ்டர் சிட்டியின் அகுவேரோ அடித்த கோல்தான் முதலிடம் என்பது என் கட்சி. இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் கடைசி நாள், கடைசி நிமிடங்கள், கோப்பைக்கான 44 ஆண்டுக் காத்திருப்பு. இதற்கு மேல் என்ன வேண்டும்? இன்னொருவர் பிரேசில் ஜெர்மனியிடம் 1-7 என்று தோற்றதைத் தவிர எதையும் முதலிடத்தில் வைக்க விடமாட்டேன் என்கிறார். மூன்றாமவர் 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் உருகுவேயின் சுவாரெஸ் கையால் கோலைத் தடுத்ததைச் சொன்னார். அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஏமாற்று வேலையைப் பட்டியலில் சேர்த்து மரியாதை செய்வதா? நீங்கள் சுற்றி வளைக்காமல் ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் மூன்றாவது நண்பரின் பக்கம்தான் நான். ஒரு சின்ன மாற்றம் மட்டும். அவர் சுவாரெஸின் கையைச் சொல்கிறார், நான் அதற்கு அடுத்து கானாவின் அசமோவா கியான் அடித்த பெனால்டியைச் சொல்வேன்.

முதலில் அந்த 1-7. 2014 ஜூலை 8, பெலோ ஹொரிசோன்டே. நெய்மர் முதுகில் அடிபட்டு வெளியே, கேப்டன் தியாகோ சில்வாவுக்குத் தடை, ஆனாலும் சொந்த மண்ணில் நடக்கும் அரையிறுதி. 11ஆம் நிமிடத்தில் முல்லர் அடித்தார், அப்புறம் 23க்கும் 29க்கும் நடுவில் நான்கு கோல்கள் விழுந்தன. அந்த நான்கில் எதை நினைவில் வைத்திருக்கிறார் என்று உங்கள் நண்பரைக் கேட்டுப்பாருங்கள். அதில் க்ளோஸே அடித்தது உலகக் கோப்பைகளில் அவருடைய 16ஆவது கோல், பிரேசிலின் ரொனால்டோ வைத்திருந்த சாதனையை பிரேசிலிலேயே வைத்துத் தாண்டிய கோல். வேறு எந்த நாளாக இருந்தாலும் அது ஒன்றே தலைப்புச் செய்தி ஆகியிருக்கும், அன்று அது எண்ணிக்கையில் ஒன்றாகக் கரைந்துபோனது. எனக்கு அது மறக்கமுடியாத ஆட்டம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது, மிச்ச நேரத்தில் எதுவும் எந்தப் பக்கமும் சாய வாய்ப்பில்லை. நான் தேடுவது, இரண்டு முடிவுகளும் உயிரோடு இருக்கும் ஒரு நொடியை.

அகுவேரோவின் கோல் அப்படிப்பட்டதுதான். 90 நிமிடம் முடியும்போது பத்துப் பேரோடு ஆடிய ரேஞ்சர்ஸ் 2-1 என்று முன்னிலையில் இருந்தார்கள், 92ஆம் நிமிடத்தில் ஜெகோ தலையால் முட்டி சமன் செய்தார், சண்டர்லாந்தில் தன் ஆட்டத்தை வென்று முடித்திருந்த மான்செஸ்டர் யுனைடெட் கோப்பைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பலோடெல்லி விழுந்தபடியே தள்ளிவிட்ட பந்தை அகுவேரோ உடனே அடிக்கவில்லை. இன்னொரு தொடுதல் எடுத்து ஒரு தடுப்பாட்டக்காரரைக் கடந்துவிட்டுத்தான் அடித்தார், மொத்த சீசனும் அந்த ஒரு தொடுதலில் இருந்தது. இரண்டு அணிக்கும் 89 புள்ளிகள், கோல் வித்தியாசத்தில் கோப்பை சிட்டிக்குப் போனது. இவ்வளவையும் சொல்லிவிட்டு ஏன் முதலிடம் தரவில்லை என்றால், தோற்றவர்கள் அங்கே இல்லை. யுனைடெட் வேறு ஊரில் இருந்தது. போல்டன் வெல்லாததால் ரேஞ்சர்ஸும் கீழ் லீக்குக்கு இறங்காமல் தப்பித்துவிட்டார்கள். அந்த மைதானத்தில் அழுத சிட்டி ரசிகர்கள்கூட சந்தோஷத்தில் அழுதவர்கள். எனக்குள் ஆழமாக இறங்குவது வென்றவனும் இழந்தவனும் ஒரே சட்டகத்துக்குள் நிற்கும் தருணம்.

இப்போது ஜோகன்னஸ்பர்க், 2010 ஜூலை 2. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகள், 1-1. கானாவின் ஃப்ரீ கிக், கோலுக்கு முன்னால் ஒரே நெரிசல். அப்பியா அடித்ததை கோல் கோட்டில் நின்று சுவாரெஸ் காலால் தடுத்தார், திரும்பி வந்த பந்தை அடியா தலையால் முட்டினார், இந்த முறை சுவாரெஸ் நீட்டியது கைகளை. சிவப்பு அட்டை, பெனால்டி. அதுவரை எந்த ஆப்பிரிக்க அணியும் உலகக் கோப்பை அரையிறுதிக்குப் போனதில்லை, 1990இல் கேமரூனும் 2002இல் செனகலும் இதே காலிறுதியில் நின்றுபோனவர்கள். கியான் அந்தத் தொடரில் ஏற்கெனவே இரண்டு பெனால்டிகளை கோலாக்கியவர், செர்பியாவுக்கு எதிராக ஒன்று, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒன்று. அவரைத் தவிர வேறு யாரிடம் பந்தைக் கொடுப்பார்கள்? பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு மேலே போனது. வெளியேறும் வழியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சுவாரெஸ் துள்ளினார்.

ஏமாற்று வேலைக்கு மரியாதை செய்வதா என்று கேட்கிறீர்கள். சுவாரெஸ் செய்தது தவறு, நடுவர் அதை அப்போதே பார்த்தார், விதி சொன்ன தண்டனை முழுவதும் கிடைத்தது. அடுத்த ஆட்டத்திலும் அவர் இல்லை, உருகுவே நெதர்லாந்திடம் 2-3 என்று தோற்றது. ஆனால் கால்பந்து விதி பறிபோன கோலைத் திருப்பித் தருவதில்லை, கோல் அடிக்க ஒரு வாய்ப்பைத்தான் தருகிறது. ரக்பியில் உறுதியான ஒரு டிரையை (அங்கே கோல் மாதிரி) முறைகேடாகத் தடுத்தால் நடுவர் அந்த டிரையையே கொடுத்துவிடலாம், இங்கே அது கிடையாது. கோலுக்கும் வாய்ப்புக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில் கியானைத் தனியாக நிறுத்தினார்கள், ஒரு கண்டமே அவர் பின்னால் நின்றது. அந்த அநியாயத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் தப்பிப்பது சுவாரெஸ்தான், மறக்கப்படுவது கியான்.

அதைவிட, யாரும் பட்டியலில் சேர்க்காத அடுத்த சில நிமிடங்கள். பெனால்டி ஷூட்அவுட்டில் கானாவுக்காக முதலில் நடந்து போனது யார் தெரியுமா? அதே கியான். போய் மேல் மூலையில் அடித்தார். கால்பந்தில் நான் பார்த்த துணிச்சல்களில் இதற்கு மேல் ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்புறம் கேப்டன் மென்சாவின் அடி தடுக்கப்பட்டது, அடியாவின் அடியும் தடுக்கப்பட்டது. ஆம், எவருடைய தலையிலிருந்து போன பந்தை சுவாரெஸ் கையால் நிறுத்தினாரோ அதே அடியா. உருகுவேயின் அப்ரேயு நிதானமாகத் தூக்கிப்போட்டு முடித்துவைத்தார். ஓர் ஆப்பிரிக்க அணி அரையிறுதியைப் பார்க்க 2022இல் மொராக்கோ வர வேண்டியிருந்தது.

உங்கள் மூவர் பட்டியலிலும் இல்லாத ஒன்றை இரண்டாமிடத்தில் வைக்கிறேன். 2012 ஆப்பிரிக்கக் கோப்பை. அரையிறுதியில் கானாவுக்கு மறுபடி பெனால்டி, மறுபடி கியான், இந்த முறை ஜாம்பியாவின் கோல்கீப்பர் ம்வீனே தடுத்துவிட்டார். ஜாம்பியா போய்ச் சேர்ந்த இறுதி ஆட்டம் கபோனின் லிப்ரவில்லில். 1993 ஏப்ரலில் ஜாம்பியாவின் தேசிய அணியை ஏற்றிக்கொண்டு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்குப் போன விமானம் எரிபொருள் நிரப்பிக் கிளம்பியதும் கடலில் விழுந்தது இதே ஊரில்தான். அதிலிருந்த 30 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஐரோப்பாவில் ஆடிக்கொண்டிருந்ததால் அந்த விமானத்தில் ஏறாத கலுஷா ப்வால்யாதான் 2012இல் ஜாம்பியக் கால்பந்துச் சங்கத்தின் தலைவர். ஆட்டத்துக்கு முன்பு வீரர்கள் கடற்கரைக்குப் போய்ப் பூ வைத்தார்கள். ஐவரி கோஸ்ட்டோடு 0-0, நடுவே ஐவரி கோஸ்ட்டின் த்ரோக்பா ஒரு பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தார், கடைசியில் ஷூட்அவுட்டில் 8-7. சுன்சு அடித்த கடைசி கோலுக்குப் பிறகு, ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அடிபட்டு அழுதபடி வெளியேறியிருந்த முசோண்டாவைப் பயிற்சியாளர் ரெனார் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கொண்டாட்டத்தின் நடுவில் இறக்கிவிட்டார். இதைப் பார்க்காதவர்கள் தேடிப் பார்க்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்பேன்.

அந்த த்ரோக்பாதான் மூன்று மாதம் கழித்து, உங்கள் அகுவேரோவுக்கு ஆறே நாள் கழித்து, மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் பாயெர்னுக்கு எதிராக 88ஆம் நிமிடத்தில் தலையால் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் தானே ஒரு பெனால்டியை எதிரணிக்குக் கொடுத்து, ராபன் அடித்த அதை செக் தடுத்துக் காப்பாற்ற, செல்சிக்காக ஷூட்அவுட்டின் கடைசி அடியையும் அடித்தவர். 2012 ஒரு வருஷத்துக்கே தனிப் பட்டியல் போடலாம்.

மூன்றாமிடம் 2011 மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நிலநடுக்கமும் சுனாமியும் நாட்டைச் சிதைத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, அதுவரை அமெரிக்காவை ஒருமுறைகூட வென்றிராத ஜப்பான் இரண்டு முறை பின்தங்கி, இரண்டாவது முறை 117ஆம் நிமிடத்தில் கார்னரிலிருந்து சாவா காலின் வெளிப்புறத்தால் திருப்பிவிட்ட பந்தில் மீண்டு, பெனால்டியில் வென்றது. மூன்று பேர் உட்கார்ந்து பேசி ஒருவர் வாயிலும் மகளிர் ஆட்டம் வரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

2010 உலகக் கோப்பை இறுதியில் இனியெஸ்டாவின் 116ஆம் நிமிட கோல், பார்சிலோனா பாரிஸை 6-1 என்று கவிழ்த்த இரவு, லிவர்பூலின் அலெக்சாண்டர்-அர்னால்ட் பார்சிலோனா திரும்பிப் பார்ப்பதற்குள் அடித்த கார்னர், இவையெல்லாம் எந்தப் பட்டியலிலும் தானாக வந்துவிடும், நான் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. லெஸ்டர் சிட்டி கோப்பை வென்ற 2016ஐவிட 2013 மே மாதம் எனக்கு முக்கியம். பிரீமியர் லீக்குக்கு ஏறுவதற்காக வாட்ஃபோர்டோடு ஆடிய பிளேஆஃபில் லெஸ்டருக்குக் காயநேரத்தில் பெனால்டி, நோக்கேர் அடித்தது தடுக்கப்பட்டது, திரும்பி வந்ததை அடித்ததும் தடுக்கப்பட்டது, அடுத்த சில நொடிகளில் பந்து மறுமுனைக்குப் போய் வாட்ஃபோர்டின் டீனி கோல் அடித்துவிட்டார். மூன்று வருஷம் கழித்து நடந்ததை அறிந்தவர்கள் அதைத் திரும்பப் பார்க்கவேண்டும்.

உங்கள் அகுவேரோவுக்கு நான்காமிடம். அதற்குக் கீழே யார் இறக்கினாலும் உங்களோடு சேர்ந்து நானும் சண்டைக்கு வருவேன்.