கவ்வாத்தும் குவாலிஃபையும்

அன்புள்ள சேர்,
உயர்தரம் எழுதிவிட்டு, வெளிநாட்டுக் கல்லூரிக்காக எஸ்.ஏ.டி பரீட்சைக்குப் படிக்கிறேன். மூவாயிரம் சொற்கள் உள்ள பட்டியல் ஒன்று கிடைத்தது. தினமும் ஐம்பது சொல், பக்கத்தில் தமிழ்க் கருத்து எழுதிப் பாடமாக்குகிறேன். ஒரு கிழமையில் மறந்துபோகிறது. தோட்டப் பாடசாலையில் படித்தவள், ஆங்கிலம் அவ்வளவு வராது. நாளுக்கு எத்தனை சொல் படிக்கலாம்? எந்தப் புத்தகம் நல்லது?
– ஒரு மாணவி, பொகவந்தலாவை

அன்புள்ள மகள்,
தோட்டப் பாடசாலை என்பதை ஏன் குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி எழுதுகிறீர்கள்? இனி எழுதாதீர்கள். புத்தகம் எதுவானாலும் சரி. முதலில் அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள்.

அது பழைய பரீட்சையின் மிச்சம். யாரும் பேசாத சொல்லைக் கேட்டு மடக்கும் வழக்கம் 2016 மாற்றத்தோடு போய்விட்டது. இப்போது கணினியில் நடக்கும் பரீட்சையில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதி இரண்டு கூறாக வரும். கூறுக்கு 27 வினா, 32 நிமிடம். சொல் வினாக்கள் தொடக்கத்திலேயே வரும். சின்னப் பத்தி, நடுவே ஒரு வெற்றிடம், நான்கு விடை.

மறதி உங்கள் வியாதி இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்க் கருத்து என்று எழுதுகிறீர்களே, அதுதான் வியாதி. ‘குவாலிஃபை’ என்றால் தகுதி பெறுவது. கேம்பசுக்குக் குவாலிஃபை ஆவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவர் தன் புகழ்ச்சியைக் குவாலிஃபை செய்தார் என்று வந்தால்? ‘நல்ல நூல்தான், ஆனால்...’ என்று இழுத்து மட்டுப்படுத்தினார் என்று பொருள். தெரிந்த சொல்தான் காலை வாரும்.

உங்கள் தோட்டத்திலேயே பாருங்கள். தேயிலைக் கொழுந்தைக் காற்றில் பரப்பி ஈரம் இறங்கித் துவள விடுவது ‘விதரிங்’. விதரிங் விமர்சனம் என்றால் கேட்டவர் துவண்டுபோவார். தேயிலைச் செடியின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டுவது ‘புரூன்’. கட்டுரையைப் புரூன் செய்தார் என்றால் மிகையை வெட்டினார். செடி மறுபடி துளிர்க்கத்தானே கவ்வாத்து? கொப்பியில் வெறுமனே ‘வெட்டு’ என்று எழுதினால் அந்த நல்லெண்ணம் எங்கே போகும்?

ஆகவே நாளுக்கு எட்டுச் சொல் போதும். அட்டையின் முன்பக்கம் சொல் விடுபட்ட வாக்கியம், பின்பக்கம் சொல். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் நிரப்பிப் பாருங்கள். பிழையானது மறுபடி முதல் நாளுக்குப் போகட்டும். பரீட்சையில் விடைகளைக் கையால் மறைத்துவிட்டு, வெற்றிடத்துக்குத் தமிழிலேயே ஒரு சொல் போடுங்கள். ‘தோ’ (இருந்தாலும்), ‘ரேதர் தேன்’ (அதற்குப் பதிலாக), அரைப்புள்ளி, முக்காற்புள்ளி இவைதான் தடயம். பிறகு விடையைப் பாருங்கள். பெரிதாக ஒலிக்கிறது என்பதற்காக எதையும் தொடாதீர்கள். தெரியாவிட்டாலும் ஒன்றைக் குறியுங்கள், பிழைக்குப் புள்ளி குறையாது.

ஒன்று கேட்கிறேன். கொப்பியில் ‘டெம்பர்’ என்பதற்கு நேரே ‘கோபம்’ என்றுதானே இருக்கிறது? வினைச்சொல்லாக வந்தால் அதற்குத் ‘தணிப்பது’ என்று பொருள்.