டெர்மினல் கேள்வி – பதில்

கேள்வி: லினக்ஸ் கற்க ஆரம்பித்திருக்கிறேன். கட்டளைப் பட்டியலைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எத்தனையை மனப்பாடம் செய்யவேண்டும்?

பதில்: ஒன்றையும் வேண்டாம். எல்எஸ், சிடி, சிபி, எம்வி, லெஸ், கிரெப் போன்ற அன்றாடக் கட்டளைகள் எல்லாம் கொஞ்ச நாள் புழங்கினாலே விரலுக்கு வந்துவிடும். என்னிடம் சர்வர் வேலை கற்க வருபவர்களுக்கு நான் முதலில் பழக்குவது டேப் விசையைத்தான். கோப்பின் பெயரில் இரண்டு மூன்று எழுத்து அடித்து டேப்பைத் தட்டுங்கள். மீதியை ஷெல்லே (நீங்கள் அடிக்கும் கட்டளையை வாங்கி இயக்கும் புரோகிராம்) நிரப்பும். நிரப்பவில்லையா? அப்படித் தொடங்கும் பெயர்கள் பல இருக்கின்றன, அல்லது ஒன்றுமே இல்லை. இன்னொரு தட்டு தட்டினால் எது என்று தெரியும். தப்பான ஃபோல்டரில் நின்றுகொண்டு கட்டளை அடிப்பவர்களை இது பாதியிலேயே நிறுத்திவிடும்.

அப்புறம் மேன் பக்கங்கள், அதாவது ‘மேன்’ என்று அடித்துக் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் திறக்கும் கையேடு. மேலிருந்து படிக்க ஆரம்பித்துத்தான் பலர் களைத்துப்போகிறார்கள். திறந்ததும் பெரிய ‘ஜி’ அடித்துக் கடைசிக்குப் போங்கள். பல பக்கங்களில் எடுத்துக்காட்டுகள் அந்தப் பக்கம்தான் இருக்கும். கையேட்டின் பிரிவு எண்களும் முக்கியம். குறித்த நேரத்தில் தானாக ஓடவேண்டிய வேலைகளின் பட்டியல் கிரான்டேப். ‘மேன் கிரான்டேப்’ என்று மட்டும் அடித்துவிட்டு, நேரத்தை எப்படிக் குறிப்பது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அது ‘மேன் 5 கிரான்டேப்’பில் இருக்கிறது.

கேள்வி: எதைத் தொட்டாலும் ‘பெர்மிஷன் டினைட்’ வருகிறது. நண்பர் சிஹெச்மோட் கட்டளையால் கோப்பின் அனுமதியை 777 ஆக்கச் சொன்னார், சரியாகிவிட்டது. அப்படியே விடலாமா?

பதில்: கூடாது. நண்பர் பூட்டைத் திறந்து தரவில்லை, கதவையே கழற்றி வைத்துவிட்டார். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. மூன்று 7 என்றால் உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்று அந்த சிஸ்டத்தில் உள்ள யார் வேண்டுமானாலும் கோப்பை மாற்றலாம். சில இடங்களில் இதுவே வேலையைக் கெடுக்கும். வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் தனிச்சாவிக் கோப்பை மற்றவர்களும் படிக்கலாம் என்று விட்டுவைத்தால், எஸ்எஸ்எச் அந்தச் சாவியை ஏற்காது. அதற்கு 600 போடுங்கள்.

எண்ணை மாற்றும் முன் ‘எல்எஸ் மைனஸ் எல்’ போட்டு உரிமையாளர் யார் என்று பாருங்கள். என் ஊகம், எப்போதோ சூடோ (கட்டளையை நிர்வாகி உரிமையில் இயக்குவது) போட்டு உங்கள் ஹோம் ஃபோல்டரில் ஏதோ உருவாக்கியிருப்பீர்கள். அது ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாகியிருக்கும். அதற்கு மருந்து, உரிமையாளரை மாற்றும் சிஹெச்ஓன் கட்டளை. உரிமையாளர் சரியாக இருந்தும் மறுத்தால், மேலே உள்ள ஃபோல்டர்களைச் சந்தேகியுங்கள். ஃபோல்டருக்குள் நுழையவும் இயக்க அனுமதி வேண்டும். ‘நேம்ஐ மைனஸ் எல்’ அடித்து முழுப் பாதையையும் கொடுத்தால், ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். இவ்வளவு உதவியான கட்டளை ஏன் இப்படி மூலையில் கிடக்கிறதோ!

கேள்வி: ஆர்எம் போட்டு அழித்த கோப்பை மீட்க வழி உண்டா?

பதில்: பேக்கப் இருந்தால் உண்டு. அந்தக் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது.

கேள்வி: 20 ஜிபி லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்பை அழித்தேன். கோப்புகளின் அளவைச் சொல்லும் டியு கட்டளையின் கணக்கு குறைந்துவிட்டது, டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் மட்டும் இன்னும் 100 சதவீதம் என்கிறது. எது பொய்?

பதில்: இரண்டும் உண்மை. நீங்கள் அழித்தது பெயரைத்தான். ஏதோ ஒரு புரோகிராம் அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அது மூடும்வரை லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இடத்தை விடுவிக்காது. டியு ஃபோல்டர் ஃபோல்டராகப் போய், கண்ணில் படும் கோப்புகளைக் கூட்டுகிறது. பெயர் போனதும் கணக்கிலிருந்தும் போய்விட்டது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையோடு கூட்டல் குறி, பெரிய எல், 1 சேர்த்து சூடோவுடன் அடியுங்கள், பிடித்து வைத்திருப்பது யார் என்று தெரியும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும். அடுத்த முறை அழிக்காமல், ட்ரங்கேட் போட்டு அளவை 0 ஆக்குங்கள். இன்னும் நல்லது, லாக் கோப்புகளைத் தானே சுழற்றிப் பழையதை நீக்கும் லாக்ரொடேட்டிடம் விட்டுவிடுவது.

டிஎஃப் இடம் இருக்கிறது என்று காட்டியும் புதுக் கோப்பு எழுத முடியவில்லை என்றால், ‘டிஎஃப் மைனஸ் ஐ’ பாருங்கள். குட்டிக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவிடங்கள்) தீர்ந்திருக்கலாம்.